எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

போன தீபத்துக்கு திருவண்ணாமலை போயிருந்தேன். கொட்டகையில கெடந்த ஆயில் இன்ஜினை எடைக்குப் போட்டுடலாம்னு வீட்டுல முடிவே பண்ணிட்டாங்க. லிஸ்டர் மாடல், 6 குதிரைத்திறன், ரெண்டு பக்கமும் பெரிய ஃப்ளைவீல். மூணு வருஷமா ஓடலை.

"ஏன் மாப்ள, நீ கம்ப்யூட்டர் இன்ஜினியரு. இந்த ஓட்டை இரும்பை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? கடனை உடனை வாங்கி புதுசு போடுங்கப்பா"ன்னு பக்கத்து நிலத்து மாமா அட்வைஸ் வேற. சுர்ருன்னு ஏறிடுச்சு.

இதே ஊர்லதான் பெரிய தேரைச் சீரமைச்சு 2024-ல வெள்ளோட்டம் விட்டாங்க. ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு. தேருன்னா பழுது பாப்போம், நமக்குச் சோறு போட்ட இன்ஜின்னா பேரீச்சம்பழமா? என்னங்க நியாயம் இது?

நிற்க. மேட்டருக்கு வருவோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்குற வயசான மெக்கானிக் அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். ஹேண்டிலைப் போட்டுச் சுத்தினார். "கம்ப்ரஷன் இல்ல தம்பி, அவ்ளோதான்"னார். ஹெட்டைக் கழட்டினோம். எக்ஸாஸ்ட் வால்வுல கரி ஏறி சரியா உக்காரலை, பிஸ்டன் ரிங்கு ஒட்டிக்கிடுச்சு, நாஸில் அடைச்சிருக்கு. கிரைண்டிங் பேஸ்ட் தடவி வால்வைத் தேய்ச்சோம். புது ரிங்கு, புது கேஸ்கட் போட்டோம். ரெண்டு நாள் வேலை. மூணாம் நாள் காலைல டொக்... டொக்... டொக். அப்பா ஒண்ணுமே பேசலை, மடையைத் திருப்பப் போயிட்டார்.

நாலு வருஷம் பி.ஈ. படிச்சேன். ஒரு வால்வைக் கையில தொட்டதில்லை. வெக்கமா இருந்துச்சு.

இந்த மாடல் இங்கிலாந்துல 1929-ல வந்தது. நிமிஷத்துக்கு 650 சுத்துதான். அங்க 1987-ல நிறுத்திட்டாங்க, நம்ம ராஜ்கோட்காரங்க அதே அச்சுல செஞ்சு தள்ளினாங்க. ஸ்பேனர் இருந்தா போதும், திறக்கலாம். திறக்கணும்னே செஞ்சது.

"ஸ்பேர் கிடைக்காது சார்"னு ஒரு கோஷ்டி வரும். 1855-ல செஞ்ச ஈ.ஐ.ஆர். 21 ரயில் இன்ஜின் 101 வருஷம் சும்மா நின்னுச்சு. பல பாகம் காணாம போயிருந்துச்சு. நம்ம பெரம்பூர் ஒர்க்‌ஷாப்காரங்க இல்லாததைப் புதுசா செஞ்சு 2010-ல ஓட்டிக் காட்டினாங்க. அதுக்கே முடிஞ்சப்ப, நம்ம ரிங்குக்கு என்ன கேடு?

அதுக்காக பழசு எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அழுங்கன்னு சொல்லலை. பிளாக்கே விரிசல் விட்டிருந்தா விட்டுருங்க. கிணத்துல தண்ணி பம்புக்கு ஏழு மீட்டருக்குக் கீழ போயிட்டா, எந்த மெக்கானிக் வந்தாலும் உறிஞ்ச வைக்க முடியாது. ஆனா திறந்தே பாக்காம தூக்கிப் போடறது சோம்பேறித்தனம். அதுக்கு 'முன்னேற்றம்'னு பேரு வைக்காதீங்க.

இன்னும் பெரிய வில்லங்கம் புதுசுலதான். வெளிநாட்டு டிராக்டர்ல சென்சார் மக்கர் பண்ணினா, கம்பெனி சாஃப்ட்வேர் இல்லாம சரி பண்ண முடியாத நிலைமை. விவசாயிங்க சண்டை போட்டு, அமெரிக்காவோட கொலராடோ மாநிலத்துல 2023-ல சட்டமே கொண்டுவர வேண்டியதாயிடுச்சு. இங்கயும் மத்திய அரசு 2022 டிசம்பர்ல பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்துச்சு, விவசாயக் கருவிகளும் அதுல சேர்த்தி. சட்டம் இன்னும் வரலை. அந்தப் பூட்டை எழுதறது யாரு? என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்கதான். அதனாலதான் இந்தப் புலம்பல்.

மெக்கானிக் அண்ணனுக்கு எழுபது வயசாகுது. "பசங்க யாரும் இந்த வேலைக்கு வரலை தம்பி"ன்னார். இன்ஜினுக்கு ஸ்பேர் இருக்கு. அவருக்கு?

அடுத்த லீவுல ஊருக்குப் போறவங்க, கொட்டகையை ஒரு தடவை எட்டிப் பாருங்க மக்களே.

டிஸ்கி: ஃப்ளைவீல் சுத்தறப்ப வேட்டி, துண்டோட கிட்ட போகாதீங்க. ஹேண்டில் திருப்பி அடிச்சா கை போயிடும். முதல் தடவை தெரிஞ்ச ஆளோட செய்ங்க.