வாதத்தின் வார்ப்பு

டெங்கு வந்தால் காய்ச்சல் இருக்கும். இவருக்குக் காய்ச்சல் இருக்கிறது. எனவே இவருக்கு டெங்கு. இதே வார்ப்பில் அமைந்த வாதம் எது என்று தேர்வுத்தாள் கேட்கிறது. ஒரு விடையில் டெங்குவே மறுபடி வருகிறது: காய்ச்சல் இல்லை, எனவே டெங்கு இல்லை. இன்னொன்றில் நோயே கிடையாது: ரயில் தாமதமானால் மேலாளர் தாமதமாக வருவார், இன்று தாமதமாக வந்தார், எனவே ரயில் தாமதம். பின்னதுதான் விடை. தேர்வுத்தாள் தந்தது பிழையான வாதம்; முன்னதோ சரியான வாதம். அதனாலேயே இங்கே பொருந்தாது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வு 2024 ஆகஸ்டில் 'லாஜிக் கேம்ஸ்' புதிர்களைக் கைவிட்டது. இத்தகைய கேள்விகள் இடம்பெறும் வாத ஆய்வுப் பகுதியை மட்டும் இரட்டிப்பாக்கியது.

பொருளை உதறி வடிவத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்துக்கு அரிஸ்டாட்டில் முன்னோடி. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அவர் சொற்கள் இருந்த இடத்தில் வெறும் எழுத்துகளை வைத்துக் காட்டினார்.

இந்தியத் தருக்கம் அவ்வளவு தூரம் பொருளைத் துறக்கவில்லை. மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் துறவி அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குக் கற்பிப்பது இதைத்தான்: பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). அந்த அடுக்களை வெறும் அலங்காரம் அன்று. மலைக்கும் அதற்கும் பொதுவான தொடர்பு ஒன்று இருந்தாக வேண்டும். இல்லையேல் வாதம் விழும். போலி வாதங்களை வகைப்படுத்தும் இடத்தில் எடுத்துக்காட்டின் போலிக்கும் அடிகள் தனி இடம் தருகிறார். இன்றைய தேர்வுத்தாளின் கேள்வி ஏறக்குறைய அங்கேயே இருக்கிறது. (காப்பிய நயம் தேடிப் போகிறவர்கள் சலித்துத் தாண்டிவிடும் பகுதி இது. பாவம், அடிகள்.)

வடிவத்தை மட்டும் பார்ப்பது மனிதருக்கு இயல்பானதா? 1931, 32ஆம் ஆண்டுகளில் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் கேட்டுப் பார்த்தார். பனி சூழ்ந்த வடகோடியில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா வடகோடியில் உள்ளது. அங்குள்ள கரடி என்ன நிறம்? பள்ளி பார்க்காத விவசாயிகள் பலர் பதில் சொல்ல மறுத்தார்கள். பார்க்காததைப் பற்றி எப்படிப் பேசுவது என்பது அவர்கள் நியாயம். கொஞ்சம் பள்ளி பார்த்தவர்களோ சட்டென்று விடை சொன்னார்கள். முன்னவர்களை அறிவிலிகள் என்பது அநியாயம். சாட்சியில்லாத முதல் வாக்கியத்தை அவர்கள் ஏற்கவில்லை, அவ்வளவுதான். நீதிமன்றத்தில் அதற்குப் பெயர் கவனம். ஆக, இந்தத் தேர்வுகள் அளப்பது பிறவி அறிவை அல்ல. பள்ளி பழக்கிவிடும் ஒரு திறனை.

பழக்கினால் வருவது என்றால், பழக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? இந்தியக் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில், தருக்கக் கேள்விகளும் இடம்பெறும் சிசாட் என்ற திறனறித் தாள் 2011இல் வந்தது. 2015 முதல் அதில் 33 விழுக்காடு எடுத்தால் போதும். அந்த 33ஐத் தாண்டுவதற்கான குறுக்குவழிகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி மையங்கள் சொல்லித் தருகின்றன. கட்ட முடியாதவருக்கு இது அறிவுத் தேர்வு என்ற பெயரில் வரும் பணத் தேர்வு. தொலைக்காட்சி விவாதத்தில் காய்ச்சலைக் காட்டி டெங்கு என்று முழங்குகிறவரை மடக்கவும் இதே திறன்தான் வேண்டும் என்பதால், இதைத் தேர்வெழுதுகிறவர்களுக்கு மட்டும் விட்டுவிடுவதும் சரியல்ல. மேல்நிலை வகுப்பில் தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒரு வாரம் சேர்ந்து உட்கார்ந்து 29ஆம் காதையை நடத்தட்டும். கல்வித் துறை அதற்கு இடம் தர வேண்டும்.