வார்டு நமக்கு, நாற்காலி யாருக்கு?

உள்ளாட்சித் தேர்தல்னா சேரிக்கு மரியாதை வந்துவிடும். அதுவரை எட்டிப் பார்க்காத மாவட்டம், நகரம், வட்டம் எல்லாம் தெருவுக்குள்ள வந்து கும்பிடும். ஓட்டு எண்ணி முடிந்ததும் அந்தக் கும்பிட்ட கை என்ன செய்கிறது?

2022 பிப்ரவரி 19இல் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. நகர்ப்புறத்தில் 2011க்குப் பிறகு அதுதான் முதல் தேர்தல். மார்ச் 4 அன்று மேயர், சேர்மன் தேர்வு. அதில் ஓட்டுப் போட்டது கவுன்சிலர்கள்தான். கூட்டணிப் பங்கீட்டில் நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவி விடுதலைச் சிறுத்தைகளுக்கு என்று தலைமை எழுதிக் கொடுத்தது. அங்கே திமுக கவுன்சிலரே எதிர்த்து நின்று ஜெயித்தார். நான் வங்கிக்காரன். செக் திரும்பினால் 138ஆவது பிரிவில் கேஸ் போடலாம். இதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?

காங்கிரசுக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கும்கூட நடந்ததுதானே, இதில் சாதி எங்கே வந்தது என்கிறார்கள் நண்பர்கள். நடந்தது வாஸ்தவம். போட்டி போட்டு ஜெயித்தவர்களைப் பதவி விலகச் சொல்லித் திமுக தலைவர் அறிக்கை விட்டதும் வாஸ்தவம். சிலர் விலகினார்கள், சிலர் அசையவில்லை. ஆனால் தோழர்களே, தலித் ஒருவர் நாற்காலியில் உட்காருவது வேறு, தலித் கட்சி உட்காருவது வேறு. சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதால் ஆர். பிரியா வந்தார். சின்ன விஷயமில்லை, சந்தோஷம்தான். ஆனாலும் தனி வார்டில் பெரிய கட்சிச் சின்னத்தில் ஜெயிக்கிறவருக்கு அடுத்த தடவை சீட்டுத் தருவது கட்சிதான், சேரி இல்லை. இடம் நமக்கு, ஆளைப் பொறுக்குவது எல்லாரும் என்கிற இந்தக் கணக்கு 1932 பூனா ஒப்பந்தத்திலேயே ஆரம்பித்துவிட்டது. தங்கள் பேரில் தலித்துகளே திரட்டிய கட்சிக்கு ஒரு நகராட்சி கிடைப்பதுதான் அந்தக் கணக்கை மாற்றும். அதனால்தான் கசக்கிறது.

மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அந்த ரத்தத்தையும் நகராட்சி மன்றத்து ஓட்டுச்சீட்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனா நாற்காலி யாருடையதுங்கிற நினைப்பு ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான்.

ரகசிய வாக்கெடுப்பு நம் கூலிக்காரனைப் பண்ணையாரிடமிருந்து காப்பாற்றியது. கவுன்சிலரை அது யாரிடமிருந்து காப்பாற்றுகிறது? ஓட்டுப் போட்ட நம்மிடமிருந்து! கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்தோடும் சட்டமன்றத்தோடும் நின்றுவிடுகிறது. நகராட்சி வாசலுக்கு அது வருவதில்லை. சேரிக் கவுன்சிலருக்கும் அந்த மறைவு தேவைப்படலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. தேவைப்படலாம்தான். இதுவரை அதன் லாபம் யார் வீட்டுக்குப் போனது என்று பாருங்கள்.

எத்தனை வார்டு என்று பேரம் பேச உட்காருகிற நம் தோழர்கள் முதலில் இதைக் கேட்கட்டும்: சேர்மன் தேர்வில் கவுன்சிலர் ஓட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மினிட்டில் எழுத வைப்பீர்களா? இல்லை, 1996இலும் 2001இலும் 2011இலும் மேயரை மக்களே தேர்ந்தெடுத்த மாதிரி, அந்த ஓட்டை எங்களிடமே திருப்பிக் கொடுப்பீர்களா?