கற்றுக்கொடுக்க யார்?

பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டை அருகே டீக்கடையில் ஒடிசா தம்பி ஒருவர், சின்ன நோட்டில் தமிழ்ச் சொற்களைத் தம் எழுத்தில் குறித்து வைத்திருந்தார். ‘கிழமை’யை மூன்று முறை சொல்லிப் பார்த்தார், கடைக்கார அக்கா பொறுமையாகத் திருத்தினார். எனக்கு வீரமாமுனிவர் நினைவு வந்தது. 1680-இல் இத்தாலியில் பெஸ்கியாகப் பிறந்த அவர், முப்பது வயதுக்கு மேல் தமிழ் கற்றுத்தான் தேம்பாவணி பாடினார், பரமார்த்த குரு கதை எழுதினார், 1732-இல் சதுரகராதி தொகுத்தார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சுப்பிரதீபக் கவிராயர் இருந்தார் என்பார்கள். இந்தத் தம்பிக்கு அந்த அக்கா மட்டும்தான். மருத்துவரிடம் வலியைச் சொல்லவும், இயந்திரத்தின்மேல் ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்கவும் மொழி வேண்டாமா? இங்கிருந்து ஒரகடம் வரையுள்ள தொழிலாளர் விடுதிகளில் மாலைநேரத் தமிழ் வகுப்புகளை அரசு உடனே தொடங்க வேண்டும்.