அனுப்புநர்: எக்ஸ் எக்ஸ் எக்ஸ்

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா போன மாதம் என் கவுண்டருக்கு வந்தாங்க. கே.ஒய்.சி. சரியில்லை என்று கணக்கு முடங்கிக் கிடக்குது. மேனேஜருக்குக் கடிதம் எழுதணும். கூட வந்த மகள் பிளஸ் டூ, அரசுப் பள்ளி. "இங்கிலீசுல நான் 81 மார்க்குண்ணா" என்று பேனாவை வாங்கினாள். பத்து நிமிசத்தில் தப்பில்லாமல் எழுதித் தந்தாள். அனுப்புநர் இடத்தில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ். பெறுநர், ஒய் ஒய் ஒய்.

சிரிக்காதீங்க தோழர்களே. பொதுத்தேர்வில் பெயரும் ஊரும் தெரியக் கூடாது என்று அப்படித்தான் பழக்குகிறார்கள். தேர்வுக்கு அது சரி. சொந்தப் பெயரில் ஒரே ஒரு கடிதமாவது எழுத வைத்தார்களா?

நானும் இதே ராணிப்பேட்டையில் படித்தவன்தான். அப்ப இங்கிலீசு ரெண்டு தாள், 200 மார்க்கு. (2018-19இல்தான் ஒரே தாளாச்சு.) "உங்களுக்கெல்லாம் 70 வந்தாப் போதும்டா" என்பார் வாத்தியார். 'உங்களுக்கெல்லாம்' யாரென்று வகுப்புக்கே தெரியும். கடைசி பெஞ்சு, காலனிப் பசங்க. கெய்டில் நாலு கட்டுரை, ரெண்டு கடிதம், மனப்பாடம். பாஸ் பண்ணினேன், பட்டமும் வாங்கினேன். வங்கி எழுத்தர் தேர்வில் 30 இங்கிலீசுக் கேள்வி வந்து நின்றபோது அந்த நாலு கட்டுரையும் கைகொடுக்கவில்லை. மூணு தடவை தோற்றேன். பழைய பேப்பர் கடையில் இங்கிலீசுப் பத்திரிகை வாங்கிப் படித்துத்தான் தேறினேன்.

தோல்ஷாப்பில் டிரம் ஓட்டிய எங்கப்பாவுக்கும் இங்கிலீசு தெரியும். வெட் புளூ, ஷேவிங், பஃபிங், கிரஸ்ட். எல்லாம் முதலாளியின் சரக்குக்குப் பெயர். அவரைச் சொல்ல அதில் ஒரு சொல் இல்லை.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட தோல் கழிவு வழக்கில், கெடுத்தவனே ஈடு கட்டணும் என்று 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிற தீர்ப்பு. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம், உலகில் மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ராணிப்பேட்டையையும் வைத்தது. ரெண்டும் இங்கிலீசில் இருக்குது. எங்க தண்ணியைப் பற்றி, எங்க மண்ணில் இறங்கின குரோமியத்தைப் பற்றி. இதில் ரெண்டு பக்கத்தைப் பிளஸ் டூ வகுப்பில் வாசித்தால் என்ன குறைஞ்சு போயிடும்?

தாய்மொழி என்று உடனே சிலர் கிளம்புவார்கள். அவங்க பிள்ளைகள் எந்த மீடியம் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். நான் கவிதை எழுதுவது தமிழில்தான். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்தபோது, நம்ம கதையை இன்னொருத்தன் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 சதம் கொடுத்தார்கள். நல்லது. உள்ளே போனால் முதல் வகுப்பே இங்கிலீசு. பிளஸ் டூவில் வாய் திறக்கப் பழக்காமல் சீட்டு மட்டும் தந்தால், கடைசி பெஞ்சைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான். இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்களாவது கெய்டை மூடி வைத்துவிட்டு அந்தத் தீர்ப்பை எடுங்கள். பி.எஃப். ஆபீசுக்கு அவங்கவங்க அப்பா அம்மா பேரில் கடிதம் எழுத வையுங்கள்.

அந்தப் பெண் எக்ஸ் எக்ஸ் எக்ஸை அடித்துவிட்டு அம்மா பெயரை எழுத ஆரம்பித்தாள். ரெண்டாவது எழுத்தில் பேனா நின்றது.

"பாஸ்புக்குல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி இருக்கேண்ணா. இதுல எங்கம்மா பேரு எது?"