பூங்கா யாருக்கு? கூமாப்பட்டிப் பிள்ளைகளைக் கேளுங்கள்

2025 ஜூனில் ஓர் உள்ளூர் இளைஞரின் இன்ஸ்டாகிராம் காணொளி விருதுநகர் மாவட்டத்துக் கூமாப்பட்டியைத் தமிழகம் முழுக்கப் பேசவைத்தது. வெளியூர் வண்டிகள் வந்து குவிந்தன. ஊருக்கு அருகிலுள்ள பிளவக்கல் அணையில் இறங்கிக் குளிக்க முடியாது என்று அதிகாரிகள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த மாதமே, அணைப் பூங்காவை மேம்படுத்த 10 கோடி ரூபாய் ஒதுக்கியது அரசு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றுக்கு இது பெரிய தொகை, வரவேற்க வேண்டியது.

ஆனால், அந்தப் பூங்கா யாருக்கு? சுற்றுலாப் பயணி வருடத்துக்கு ஒருமுறை வருவார், படம் எடுப்பார், போய்விடுவார். கூமாப்பட்டியிலும் வத்திராயிருப்பிலும் வ.புதுப்பட்டியிலும் இருக்கிற பிள்ளைகளுக்குத் தினமும் சாயங்காலம் விளையாட இடம் வேண்டும். இரண்டு தேவைகளும் நியாயமானவை. ஒரே வரைபடத்தில் இரண்டையும் அடைக்கப் பார்த்தால், தோற்கப்போவது பிள்ளைகள்தான்.

நம் ஊர்களில் திடல் அமைக்கும் முறை நமக்குத் தெரியும். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்து, நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைக்க வழிசெய்தது. நல்ல எண்ணம். பிறகு பல ஊர்களில் சறுக்குமரத்தைச் சுற்றிச் சீமைக்கருவேலம் முளைத்தது. மேலே மதிப்பீடு போட்டு, கீழே ஊஞ்சலை இறக்குகிற வழக்கமே இதற்குப் பெரிய காரணம் என்பேன். விருதுநகர் மாவட்டத்து வெயிலில் தகரச் சறுக்கு மதியத்தில் தொடைத் தோலை உரித்துவிடும் என்பதைச் சொல்ல எந்த நிபுணரும் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் சாட்சி. இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே திடல்கள் வேலிக்குள் இருந்தன. திடலை நடத்திய சங்கத்தின் உறுப்பினர்களுடைய பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதி. 1947இல் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் பெர்டல்மான்பிளைன் சதுக்கத்தில் ஒரு மணல்தொட்டி, சில கம்பிகள், மரங்கள், இருக்கைகள் என வேலியில்லாமல் ஒரு திடல் அமைத்தார். அதைப் பார்த்த மக்கள் ‘எங்கள் தெருவுக்கும் வேண்டும்’ என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். எங்கே காலிமனை கிடக்கிறது என்பதையும் அவர்களே காட்டினார்கள். 1978க்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட திடல்கள். பெரும்பாலானவை சின்னவை, செலவு குறைந்தவை, வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவை.

நம்மிடமும் மேடை இருக்கிறது. ஊரகத்தில் கிராம சபை, நகரத்தில் பகுதி சபை. எதுவானாலும் உறுப்பினர் வாக்காளர்தான். விளையாடப்போகிற வயதினர் அத்தனை பேரும் சட்டப்படி அதற்கு வெளியே நிற்கிறார்கள். கேரளத்தில் பஞ்சாயத்துகள் பிள்ளைகளுக்கென்றே கிராம சபை கூட்டுகின்றன. குழந்தைக்குத் தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு என்கிற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. இங்கே அந்த உரிமைக்குத் தனிச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மதியம் போய்த் தாளும் பென்சிலும் கொடுத்து, பிடித்த இடத்தை வரையச் சொன்னால் போதும். பாண்டி ஆடும் பெண்பிள்ளைகள் எந்த வயதில் தெருவைவிட்டு உள்ளே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும். வெளிச்சம், கழிப்பறை, கண்ணில் படுகிற இடம் என்று பதில் வந்தால் அதுவே வரைபடம். நடக்க முடியாத பிள்ளையின் அம்மாவையும் கேட்க வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகளும் மற்றவர்களும் சேர்ந்து விளையாடும் திடலைச் சென்னை சாந்தோமில் மாநகராட்சி அமைத்திருக்கிறது; கூமாப்பட்டிக்கு அது எட்டாத கனவல்ல.

ஒன்றில் மட்டும் காட்டின் பேச்சுக்கே முதலிடம் தர வேண்டும். பிளவக்கல்லுக்கு மேலே இருப்பது 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். சாம்பல்நிற அணிலுக்காக 1988லேயே சரணாலயமான காடு. தோப்புகளுக்கு யானை வருகிற பகுதி. அணையோரம் இரவு விளக்கு அலங்காரமும் நொறுக்குத்தீனிக் கடை வரிசையும் வந்தால் விலையை உழவர்கள்தான் கொடுப்பார்கள். யானை எந்தப் பக்கம் இறங்கும் என்பதைத் தென்னந்தோப்புக் காவலாளிகள் அறிவார்கள். அவர்களைக் கேட்காமல் அங்கே சுவர் எழுப்பக் கூடாது.

எனவே, அணைப் பூங்கா பகலோடு மூடுகிற, மரநிழல் மிகுந்த இடமாக இருக்கட்டும். ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பங்கையோ அதற்கு இணையான தனி நிதியையோ ஊருக்குள் நடந்துபோகும் தூரத்தில் இரண்டு மூன்று சிறு திடல்களுக்குக் கொடுக்கலாம். தோண்டுவதற்கு முன்னால் மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு வாரம் பிள்ளைகளை அதற்குள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கோட்டை மாற்றச் செலவே இல்லை; கான்கிரீட்டை மாற்ற முடியாது. மதிப்பீட்டை அதே இடத்தில் தமிழில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். சாயங்காலம் கதவைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கும், ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் எந்தக் கணக்கிலிருந்து மாற்றுவார்கள் என்பதும் அந்தப் பலகையில் இருக்க வேண்டும்.