ஏட்டில் மணக்கும் கறி

வடமதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியெங்கும் பிரியாணிப் பலகைகள். பன்றிக்கறி என்ற சொல் அவற்றில் அரிது. தமிழர் உணவு மரபு பற்றி முழங்கும் நாமும் அச்சொல்லைக் கவனமாகத் தவிர்க்கிறோம். பெரும்பாணாற்றுப்படையோ, நெல்மா ஊட்டிக் குழியில் பேணி வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த ஊனைப் பாணனுக்கு விருந்தாகக் காட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் கண்ணப்பர், பன்றியூனைத் தீயில் வாட்டி, சுவைத்துத் தேர்ந்து, தேனும் கலந்து இறைவனுக்குப் படைக்கிறார்.

பன்றியின் விலா எலும்புக்கறியைப் புளி, கருப்பட்டி, மிளகு, உப்புச் சேர்த்து, எலும்பைவிட்டுக் கழலும்வரை சிறுதீயில் வேகவைப்பவர் அந்த இனிப்பையும் காரத்தையுமே தொடர்கிறார். உண்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த அடுப்பை இழிந்ததெனச் சொல்ல வைப்பது நாக்கல்ல, சாதி. ஏட்டில் மணக்கும் கறி அடுத்த தெருவில் மட்டும் நாறுவது எப்படி?