கேக் எங்கடா?

‘இன்னிக்கு பைப்பை க்ளீன் பண்ணப் போறேன்’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தேன். மனைவி முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். மூன்று மாதமாகச் சமையலறை பைப் சொட்டிக்கொண்டிருக்கிறது. நான் சொன்னது வேறு பைப் என்று தெரிந்ததும் பிரகாசம் உடனடி வாபஸ்.

இது மாமாவின் பைப். மாமா, அம்மாவுக்கு அண்ணன். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே குளிர், மழை, அட்டை. பேச்சுத் துணைக்குப் பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். போன வருஷம் டாக்டர் அவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “போதும் சார்” என்றார். மாமா அன்றே நிறுத்தினார். பைப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்.

“பிடிக்கிறதுக்கு இல்லடா. பத்திரமா வெச்சிரு. என்கிட்ட இருந்தா கை அரிக்கும்.”

பழைய தமிழ்ப் படங்களில் பைப் பிடிப்பவர் யார்? பட்டு கவுன் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்து, மகளின் காதலை மறுக்கும் பணக்கார அப்பா. அந்த ஆசையில் காலிப் பைப்பை வாயில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். பணக்கார அப்பா தெரியவில்லை. விசிலைத் தொலைத்த கண்டக்டர்தான் தெரிந்தார்.

அப்போதுதான் புகையிலை போடும் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு படை. பி.காம். படித்தவன் கையில் ஒரு சொத்தைக் கொடுத்தால் சும்மா இருப்பானா? பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறதே! பேனாக் கத்தி, ஸ்க்ரூ டிரைவர், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், எலுமிச்சை சோப்பு. அரைமணி நேர உழைப்பு. சொட்டுகிற பைப்படியிலேயே கழுவி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். மரம் பளபளத்தது. மாமா அசந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அசந்துதான் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் பைப்பைக் கையில் வாங்கினார். கிண்ணத்துக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

“கேக் எங்கடா?”

“வாங்கிட்டு வரட்டுமா மாமா? தெருமுனையிலதான் பேக்கரி.”

என் வாழ்நாளில் நான் பேசிய மிக மோசமான வசனம் அதுதான்.

மாமா கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நிதானமாக எஸ்டேட் குரலில் சொல்ல ஆரம்பித்தார். பைப் செய்கிற மரத்துக்கு ப்ரையர் என்று பெயர். மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் ஒரு புதர். அதன் வேர்ப்பகுதியில் உருண்டையாக வீங்கியிருக்கும் கட்டையை வெட்டி, வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திக் கடைகிறார்கள். பிரான்ஸில் சாங்-க்ளோத் என்கிற ஊர் இந்த வேலைக்கே பேர்போனது. சட்டென்று தீப்பிடிக்காத கட்டைதான். ஆனாலும் கட்டைதானே? நெருப்புக்கும் மரத்துக்கும் நடுவில் நின்று காப்பாற்றுவது உள்ளே படியும் கரிப் படலம். அதற்குப் பெயர்தான் கேக்.

“அது தானா வராதுடா. வளர்க்கணும். புதுப் பைப்ல முதல்ல மூணுல ஒரு பங்குதான் புகையிலை போடணும். கொஞ்ச நாள் போனதும் பாதி. அப்புறம்தான் முழுசு. அவசரமா இழுக்கக் கூடாது. கையில பிடிக்க முடியாம சுட்டா கீழ வெச்சிடணும். பாதியில அணைச்சா அடியில படலம் பிடிக்காது. முடிச்சதும் சாம்பலைத் தட்டறேன்னு மேஜை விளிம்புல டொக்கு டொக்குன்னு அடிச்சா கழுத்து உடையும். சூடா இருக்கறப்போ தண்டைத் திருகக் கூடாது. ஆறினப்புறம் பஞ்சு சுத்தின கம்பியை விட்டு ஈரத்தை எடுக்கணும். ஒரு நாளாவது காயவிட்டு, அப்புறம்தான் மறுபடி கையில எடுக்கணும்.”

“அப்ப கேக் பாட்டுக்கு வளரட்டும்னு விட்டுடணுமா மாமா?”

“அதுவும் தப்பு. படலம் கனமாச்சுன்னா சூட்டுல விரிஞ்சு மரத்தையே பிளந்துடும். ஒரு மில்லிமீட்டர், மிஞ்சிப்போனா ஒரு காசு கனம். அதுக்கு மேல ஏறினதை மட்டும் சுரண்டணும். அதுக்குன்னே ஒரு கருவி இருக்கு, ரீமர். நிச்சயமா ஸ்க்ரூ டிரைவர் இல்ல.”

பி.காம். மூளைக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தது ரிசர்வ் ஃபண்ட். முப்பது வருஷ சேமிப்பை அரைமணியில் காலி செய்த கணக்கன் நான்.

“துருக்கியில எஸ்கிஷெஹிர்னு ஒரு ஊர். அங்க மீர்ஷாம்னு ஒரு வெள்ளைக் கல்லு கிடைக்கும். அதுல செஞ்ச பைப்புக்குக் கேக்கே தேவையில்ல. உன்கிட்ட கொடுக்க வேண்டியிருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதை வாங்கியிருப்பேன்” என்றார்.

காபியோடு வந்த மனைவிக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

“தோசைக்கல்லு மாதிரி, இல்லையா மாமா? எங்கம்மா கொடுத்த கல்லையும் இவர்தான் ஒருநாள் சோப்பு போட்டுத் தேய்ச்சார். ஒரு மாசம் பிய்ஞ்ச தோசைதான்.”

எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. “மாமா, நானே மறுபடி வளர்த்துத் தர்றேன். முதல்ல மூணுல ஒரு பங்கு, அப்புறம் பாதி...”

“வாயை மூடுறா!” அன்றைக்கு மாமாவின் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “உள்கன்னத்துல ஒரு வெள்ளைத் திட்டு இருந்துச்சு. வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சாங்க. ரிசல்ட் வர பத்து நாள். உங்க அத்தை அந்தப் பத்து நாளும் தூங்கலை. பைப் புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கறதில்லையே, ஒண்ணும் ஆகாதுன்னு முப்பது வருஷமா நானும் சொல்லிட்டிருந்தேன். வாய் என்ன வாடகை வீடா? உதடு, நாக்கு, தொண்டை எல்லாத்துக்கும் புற்றுநோய் வரலாம்னார் டாக்டர். எனக்கு ஒண்ணுமில்லேன்னு வந்துடுச்சு. அது அதிர்ஷ்டம். கேக் மரத்தைத்தான்டா காப்பாத்தும், பிடிக்கிறவனைக் காப்பாத்தாது.”

காலிப் பைப்பை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“எலுமிச்சை வாசனை வருது.”

நான்தான் முதலில் சிரித்தேனா, அவரா என்று ஞாபகமில்லை.

அன்று மத்தியானமே கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்து சமையலறை பைப்பைக் கழற்றினேன். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை.

“இதுக்குள்ள இருக்கிறதை எல்லாம் தாராளமா சுரண்டலாம்டா” என்றார். “பயப்படாதே.”